சுவர் மேலிருந்து தொங்கிய வயர்

நெட்வொர்க் வயரின் சாம்பல் நிறத் தோலை உரித்ததும், புதிதாகப் பிரித்த மழைக்கோட்டில் வருவதுபோல ஒரு பிளாஸ்டிக் வாசனை வரும். உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கிக் கிடக்கும் மெல்லிய கம்பிகளை நகத்தால் பிரித்து, நீவி, நேராக்கும்போது அந்த வாசனை விரல் நுனியில் ஏறிக்கொண்டு, சோப்புப் போட்டாலும் போகாமல், சோற்றைப் பிசையும்போது மூக்கில் வந்து நிற்கும். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்த ஒரு கோடை முழுவதும் என் கைகளில் அந்த வாசனைதான் இருந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வதே இன்று எனக்குப் பிழைப்பு. ஆனாலும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வயரை உரித்தால், தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போய்விடுவேன்.

சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்காக எப்போதோ கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள்; வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்; அந்தச் சுவரும் கூரையின் தகர ஷீட்டைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும் என்பதால், அடுத்த வீட்டுத் தாளிப்புக்கு எங்கள் வீட்டில் தும்மல் வரும், எங்கள் வீட்டுச் சண்டைக்கு அடுத்த வீட்டில் டிவியின் சத்தம் குறையும். அந்த அடுத்த வீடு, லைனின் கடைசி வீடு, பெரியப்பாவுடையது. தண்ணீர்க் குழாய் அவர்கள் வாசலில்தான் இருந்தது. பேத்தமங்களா ஏரியிலிருந்து தண்ணீர் விடுகிற நாட்களில் அம்மா முதலில் பெரியம்மாவின் டிரம்மை நிரப்பி, அவர்கள் வீட்டுப் பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதன் பிறகுதான் எங்கள் குடத்தைக் குழாயடியில் வைப்பாள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒரே ஒருநாள் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டபோது எங்கள் குடம் காலியாகவே இருந்தது.

அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர். அவருடைய அண்ணனான பெரியப்பா மேலே டைம் ஆபீஸில் உட்கார்ந்து, யார் எந்த ஷிஃப்டுக்கு வந்தார்கள் என்று எழுதியவர். "அவன் மேல குந்திக்கினு பேரு எழுதினான், நான் கீழ எறங்கி கல்லு வாரினேன்" என்று அப்பா அடிக்கடி சொல்வார், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காத குரலில். சுரங்கத்தை மூடியபோது எழுதியவருக்கு வேறொரு தொழிற்சாலையில் மேசை கிடைத்தது. வாரியவர் விடிவதற்கு முன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், ஓர் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி உடுப்போடு நின்றுவிட்டு, இருட்டிய பிறகு திரும்பி வந்தார்.

அந்த ஆபீஸில்தான் ஒருநாள் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டினார்கள். அப்பா யாரிடமோ கேட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னதும், ஒரே நாளில் தூக்கிவர முடியாமல் துண்டு துண்டாகக் கொண்டுவந்தார்: ஒருநாள் கீபோர்டும் சிக்குப் பிடித்த வயர்களும், ஒருநாள் போர்வையில் சுற்றிய பெரிய வயிற்று மானிட்டர், கடைசியில் மூடி இல்லாத சி.பி.யு. பெட்டி. நெரிசலான ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, "இன்னா மாமா, எறா கூடையா?" என்று யாரோ கேலி செய்ததாகச் சொல்லிச் சிரித்தார். அப்பா சிரித்துப் பார்ப்பது எங்களுக்கு அபூர்வம்.

அந்தத் துண்டுகளை ஒன்றாகப் பூட்டியது நான். அக்கா கிரேஸ் அப்போது இரண்டாம் வருடப் பி.யு.சி., அதாவது எங்கள் பக்கத்துப் பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள், புத்தகத்தை விட்டு நிமிரமாட்டாள், போதாததற்குக் கரண்ட் என்றால் பயம். எனக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரை எட்ட நின்று பார்த்ததோடு சரி. ஆனால் அந்தப் பெட்டியைத் தரையில் படுக்கவைத்து உள்ளே பார்த்தபோது, ஒவ்வொரு வயரின் நுனியும் ஒவ்வொரு வடிவமாக இருப்பதும், ஒரு வடிவம் ஓர் இடத்தில் மட்டுமே பொருந்துவதும் தெரிந்தது. தப்பான இடத்தில் அழுத்தினால் போகாது. சரியான இடத்தில் வைத்தால் 'டிக்' என்று உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் பூட்டி ஸ்விட்சைப் போட்டதும் படம் வராமல் நீளநீளமாகப் 'பீப்' சத்தம் மட்டும் வந்தது. பக்கத்து வீட்டுக் கட்டிலிலிருந்து பெரியம்மா, "இன்னாடி அது, ஆடு கத்துது?" என்றாள். ராபர்ட்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவரிடம் கேட்டேன். ராம் அட்டையைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போடச் சொன்னார். தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்பா குனிந்து பார்த்து அது என்ன பூச்சு என்று கேட்டார், தங்கம் என்றேன். அட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஸ்விட்சைப் போட்டபோது படம் வந்தது. அக்கா புத்தகத்தை மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தக் கோடையில் பி.யு.சி. ரிசல்ட் வந்தது. அக்கா முதல் வகுப்பு. பெரியப்பாவின் மகன் சாம்சன் அண்ணா அக்காவோடு ஒரே வருடம் பிறந்தவன், ஒரே பரீட்சை எழுதியவன், கெமிஸ்ட்ரியில் தோற்றிருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் அக்காவை முன்னால் அழைத்து நிறுத்தி, தலையில் கைவைத்து ஜெபித்தார். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். நான் மட்டும் ஒருமுறை திறந்தேன். சாம்சன் அண்ணாவும் திறந்துதான் வைத்திருந்தான், அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டு.

அக்காவுக்கு நர்சிங் படிக்க வேண்டும். சுரங்க ஆஸ்பத்திரியில் வெள்ளை உடையில் நடந்த நர்சுகளைப் பார்த்து வளர்ந்தவள் அவள். வேறு எதையும் அவள் கேட்டதில்லை. பெங்களூரில் அவள் விரும்பிய கல்லூரிக்கு இன்டர்நெட் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும் என்றார்கள். பிரவுசிங் சென்டருக்கு அவளை அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. தட்டி மறைத்த அந்த அறைகளுக்குள் போய் உட்கார்ந்த பெண்களைப் பற்றிச் சர்ச்சில் எத்தனையோ பேச்சு. பெரியப்பா வீட்டில் போன் லைனோடு பிராட்பேண்ட் இருந்தது, சாம்சன் அண்ணாவின் படிப்புக்காக என்று வாங்கியது. அப்பா போய்க் கேட்டார். அண்ணனிடம் அவர் எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பெரியப்பா, லைனில் நான்கு பேர் காதில் விழும்படி, தம்பி பிள்ளைகளுக்கு இல்லாததா என்றார்.

வயரைப் போட்டது சாம்சன் அண்ணா. மோடத்திலிருந்து இழுத்து, சுவர் ஏறி, ஷீட்டுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்து வழியாக எங்கள் பக்கம் தொங்கவிட்டான். தரையில் ஒரு சுருள் கிடக்கும் அளவுக்கு அது நீளமாக இருந்தது. வயர் நுனியில் பூட்டும் கண்ணாடி போன்ற கனெக்டருக்கு எங்கள் ஊர்ப் பையன்கள் வைத்திருந்த பெயர் 'தலை'. கம்பிகளை நிற வரிசைப்படி அடுக்கி, தலைக்குள் நுழைத்து, கட்டிங் பிளேயர் மாதிரி இருக்கும் கருவியில் வைத்து அழுத்தினால் கம்பிகள் கடிபட்டு நின்றுவிடும்; அதுதான் க்ரிம்ப். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று அவன்தான் எனக்கு வரிசை சொல்லிக் கொடுத்தான். என்னையே ஒரு தலை போடச் சொன்னான். போட்டேன். இன்டர்நெட்டில் பக்கம் திறந்தது. அக்கா அந்தக் கல்லூரியின் கட்டடத்தைத் திரையில் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்றே விண்ணப்பித்திருக்கலாம். ஆனால் தாலுகா ஆபீஸிலிருந்து வரவேண்டிய ஒரு சான்றிதழ் வரவில்லை. கடைசி நாளுக்கு இன்னும் வாரங்கள் இருந்தன. சான்றிதழ் வந்த அன்று கம்ப்யூட்டரைப் போட்டால் இன்டர்நெட் இல்லை.

பக்கம் சுற்றிச் சுற்றி, திறக்க முடியவில்லை என்று நின்றது. நான் சுவரருகே நின்று கூப்பிட்டேன். சாம்சன் அண்ணா வந்து, அவர்கள் வீட்டில் நன்றாக வருகிறது என்று சொல்லிவிட்டு, நான் போட்ட தலையை வெளிச்சத்தில் பார்த்து உச்சுக்கொட்டினான். "இன்னா ஜெசி, இது ஒரு க்ரிம்பா? உள்ள வயரே டச் ஆவல." பிளேயரை எடுத்தான். தலையை மட்டும் வெட்டியிருக்கலாம்; அதற்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டினான். உள்ளே கம்பி கெட்டிருக்கும் என்றான். மறுபடி போடு என்றான். போட்டேன். வரவில்லை.

மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். கோபப்பட்டதே இல்லை, பொறுமையாக உட்கார்ந்து, என்னைப் போடவைத்து, பார்த்து, தலையை ஆட்டி, ஒரு சாண் வெட்டுவான். சிலசமயம் நண்பர்களோடு வருவான். அவர்கள் வாசலில் நின்றுகொண்டு, நீலம் எது பச்சை எது என்று கூடத் தெரியாமல் வந்துவிட்டாள் என்று பேசிக்கொள்வார்கள். கம்பிகளை எண்ணிப் பார்ப்பேன், வரிசையை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பேன், ஒன்றை ஒன்று தாண்டாமல் நகத்தால் தள்ளி வைப்பேன். பூட்டிச் செருகினால் சி.பி.யு.வின் பின்பக்கத்தில், வயர் நுழையும் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். அது எதற்கு எரிகிறது என்று எனக்குத் தெரியாது. இன்டர்நெட் மட்டும் வராது.

வயர் குட்டையாகிக்கொண்டே வந்தது. தரையில் கிடந்த சுருள் போயிற்று. பிறகு மேசைக்கு எட்டவில்லை. பெட்டியைச் சுவரோரம் தள்ளி, டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தோம். அதற்கும் எட்டாமல் போனதும், கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன் மேல் டிரங்குப் பெட்டி, அதன் மேல் சி.பி.யு. வேறு வயர் வாங்கிவருவதாக அப்பா சொன்னபோது, வயரில் குறை இல்லை, போடுகிற கையில்தான் குறை என்றான் சாம்சன் அண்ணா. சுவர் மேல் ஏறி ஏறித் தன் வீட்டு ஷீட்டை ஆட்டவேண்டாம் என்று பெரியம்மாவும் அந்தப் பக்கத்திலிருந்து சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே உட்கார அக்கா கேட்டபோது, அதில் சாம்சன் மறுபரீட்சைக்குப் படிக்கிறான் என்றாள். நான் போடவேண்டாம், அவனே போடட்டும் என்று அக்கா கெஞ்சினாள். அவனும் ஒருமுறை போட்டான். வரவில்லை. கம்பியை ஆரம்பத்திலேயே நான் பாழாக்கிவிட்டதாகச் சொன்னான்.

அந்த வாரத்தில் ஒருநாள் அப்பா ஸ்டீல் ஸ்கேலால் என் விரல்களில் அடித்தார். "தொட்டதெல்லாம் கெடுக்கிற கை" என்றார். மறுநாள் வீங்கிய விரல்களால் இன்னொரு தலை போட்டேன். அதற்கும் பச்சை விளக்கு எரிந்தது.

கடைசி நாளன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. வயர் அப்போது அவர் கையை உயர்த்தினால் மட்டுமே எட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எதை எதன் மேல் அடுக்கினாலும் சாய்ந்தது. கடைசியில் அப்பா கட்டில் மேல் ஏறி, சுவரைப் பார்த்து நின்று, சி.பி.யு. பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். நான் டிரங்குப் பெட்டி மேல் நின்று தலையைச் செருகினேன். மானிட்டர் வயர் கீழிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு, சான்றிதழ்களை ஒரு பக்கம் அடுக்கிவைத்து, கீபோர்டை மடியில் வைத்திருந்தாள். சுரங்கத்தில் கிடைத்த நெஞ்சிரைப்பு அப்பாவுக்கு அப்போதே இருந்தது. மூச்சு விசிலடிக்க, திரும்பிப் பார்க்க முடியாமல், சுவரைப் பார்த்தபடியே, "ஏறிச்சா?" என்று கேட்டார். இல்லை என்றாள் அக்கா. மறுபடி செருகினேன். மறுபடி கேட்டார். அம்மா சமையலறை வாசலில் நின்று, போதும், கீழே வைத்துவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பாவின் கைகளைப் பார்த்து இரக்கப்படுகிறாள் என்று நினைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்தில் டிவி சத்தம் இல்லை.

அப்பாவின் கை நழுவியது. பெட்டி கட்டிலில் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்தது. அக்கா சான்றிதழ்களைப் பொறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அப்பா தடுக்கவில்லை, பின்னாலேயே போனார். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் அவள் நுழைந்தபோது அங்கே அவளைப்போல ஒரு கும்பல் நின்றிருந்ததாம்; இவள் முறை வந்து, புகைப்படத்தையும் சான்றிதழ்களையும் ஸ்கேன் பண்ணி ஏற்றும்போது நேரம் முடிந்து அந்தப் பக்கமே மூடிக்கொண்டுவிட்டதாம். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை, கூடப்போன அப்பா சொன்னார். அக்கா வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்து, கன்னத்தில் அறைந்தாள். "உன் கையாலதான் போச்சு" என்றாள். அதுவரை அவள் என்னை அடித்ததில்லை.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த மாதமே அப்பாவுக்கு நெஞ்சு மோசமாகி, நின்று பார்க்கும் வேலை முடியாமல் போயிற்று. அக்கா அவருக்குப் பதிலாக அதே விடியற்கால ரயிலில் ஏறி, பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் பேக்டரியில் சட்டைக்குக் காலர் தைக்கப் போனாள். அடுத்த வருடம் வந்தது, அவள் போய்க்கொண்டிருந்தாள். அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, நான் படித்தேன். நிற்க இடமில்லாத ரயிலிலிருந்து இறங்கி, நூல் பிசிறு ஒட்டிய தலைமுடியோடு உள்ளே வருவாள், சாப்பிடுவாள், படுத்துவிடுவாள். என்னோடு பேசுவதற்கு அவளுக்கு அதிகமாக ஒன்றும் இருக்கவில்லை. சாம்சன் அண்ணா கெமிஸ்ட்ரியை இன்னொருமுறை எழுதித் தேறி, ஒரு காலேஜில் சேர்ந்தான்.

நான் டிப்ளமோவில் கம்ப்யூட்டர் பிரிவை எடுத்ததற்குக் காரணம் ஆசை என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்தத் தலைகளில் நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. ஒருநாள் லேபில், ஒரு பையனின் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வரவில்லை என்று அவன் தலையை வெட்டப்போனபோது, எங்கள் சார் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, பின்பக்கத்தைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தால் வயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், வயரைத் தொடாதே, வேறெங்கோ கோளாறு என்றார். நான் லேபை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். முதல் தலையிலிருந்து கடைசித் தலைவரை நான் போட்ட எல்லாமே சரி. கோளாறு சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. ஆனால் அது தானாக வந்த கோளாறா, வைத்த கோளாறா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. அக்காவிடமும் சொல்லவில்லை, சொன்னால் அன்று வாங்கிய அறைக்குப் பல வருடம் கழித்துச் சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாளோ என்றிருந்தது. அந்த வருடமே அப்பா இறந்துவிட்டார்.

எனக்கு வேலை கிடைத்த பிறகு ஒரு கிறிஸ்துமஸ் மதியம், பெரியப்பா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு அப்போது கல்யாணமாகி, பெங்களூரிலேயே இருந்தாள், அவளும் வந்திருந்தாள். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். சாம்சன் அண்ணா தன் மனைவியிடமும் மாமனார் வீட்டாரிடமும் என்னைக் காட்டி, இவளுக்கு நெட்வொர்க் கற்றுக்கொடுத்த குருவே தான்தான் என்றான். பிறகு, எல்லாருக்கும் பிடித்த ஒரு கதையைச் சொல்லப்போகிறவனைப்போல வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அதைச் சொன்னான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் அடையாள எண் உண்டு, எங்கள் கம்ப்யூட்டரின் எண்ணை மோடத்தில் போட்டு, இதை உள்ளே விடாதே என்று அடைத்து வைத்துவிட்டானாம்.

"லைட்டு மட்டும் எரியும், நெட்டு வராது. இவ தல மேல தலயா போட்டுக்கினே இருக்கா. சித்தப்பா பொட்டிய தூக்கிக்கினு நின்னாரு பாரு, நான் இந்தாண்ட கட்டில் மேல ஏறி நின்னு பாத்துக்கினே இருந்தேன்."

சிரித்தார்கள். எல்லாரும் அல்ல, ஆனால் நிறையப் பேர். அவன் மனைவி ஒருமுறை சிரித்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அக்கா கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தாள்.

"அன்னைக்குத்தான் கடைசி நாள்னு உனக்குத் தெரியுமா, சாம்சா?"

அவன் தண்ணீரை எடுத்துக் குடித்தான். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது, சின்ன வயசு விளையாட்டு என்றான். அவள் அதே கேள்வியை, குரலை உயர்த்தாமல், மறுபடி கேட்டாள். அதற்குள் பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக வீடு தேடி வந்து சண்டை இழுக்கிறாள் என்று ஆரம்பித்து, "உங்க அம்மாவே அப்ப ஒண்ணும் சொல்லல, தெரிஞ்சும் கம்முனு இருந்தா. நீ இன்னாத்துக்கு இப்ப கிளர்ற?" என்றாள்.

அம்மா குழம்புப் பாத்திரத்தோடு நின்றாள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். மீதியையும் பெரியம்மாதான் சொன்னாள்: அவர்கள் வாசல் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, சாம்சன் அண்ணா தான் செய்ததைப் பெரியம்மாவிடம் சொல்லிச் சிரித்ததை அம்மா கேட்டாளாம்; வீட்டில் போய்ச் சொன்னால் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்வார்கள், அப்புறம் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று பெரியம்மா அம்மாவிடம் சொன்னாளாம். கடைசி நாளுக்கு வெகு முன்பே. அப்பா என் விரலில் அடித்த நாளுக்கும் முன்பே.

"தெரியுமாம்மா உனக்கு?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா கரண்டியைப் பாத்திரத்தின் ஓரத்தில் வழித்தாள். "கொழா அவங்க வீட்டாண்டதான இருந்துது" என்றாள்.

அக்கா கையைக் கழுவினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பையை எடுத்துக்கொண்டு, மதிய வெயிலில் ஸ்டேஷனுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். பிளாட்பாரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பண்டிகை நாள், ஆளே இல்லை. ரயில் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். "அன்னைக்கு உன்னத்தான் அடிச்சேன், ஜெசி" என்றாள். நான் ஏதாவது சொல்வதற்குள் ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அக்கா எங்கள் வீட்டுக்கும் வரவில்லை.

இப்போது எங்கள் லைனில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆட்கள் பெங்களூருக்குக் குடிபோய்விட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் சாம்சன் அண்ணாவோடு போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் வீட்டுக் கூரையில் ஒரு ஷீட்டைக் காற்று தூக்கிக்கொண்டுபோய்விட, மழை நேராக உள்ளே பெய்கிறது. எங்கள் வீட்டில் தும்மினால் கேட்பதற்கு அந்தப் பக்கம் யாருமில்லை. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. சுவர் மேல் ஏறி வயர் இழுக்கும் பையன்களும் இல்லை, தலை போடத் தெரிந்த பிள்ளைகளும் இல்லை. நெட்டு என்றால் காற்றில் இருப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அம்மா மட்டும் அங்கேயே இருக்கிறாள். கூப்பிட்டாலும் வருவதில்லை. அவளுக்காக நான் ஒரு வைஃபை பெட்டி வாங்கி மாட்டி, போனில் முகம் பார்த்துப் பேசச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும், புடவையைக்கூட மாற்றாமல், போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிடுவாள். மணி அடித்து அடித்து நிற்கும். சென்ற வாரம் நான் போயிருந்தபோதும் அப்படித்தான். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நெட்டு சரியில்ல போலருக்குது. இன்னான்னு பாரேன்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பெட்டியை எடுத்துத் துடைத்து, அணைத்து, மறுபடி போட்டு, சரியாகிவிடும் என்றும் சொல்லியிருக்கலாம்.

"நெட்டு நல்லாத்தான்மா இருக்குது. அக்காதான் எடுக்கல" என்றேன்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். புடவை முந்தானையால் போனின் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு மறுபடியும் கூப்பிட்டாள்.